செட்டில்மென்ட் 474, அடக்கம் 385, ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தவறுகிறேன்?

கரூர்_விரிப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டு காட்டன் பெட்ஷீட் தைத்து ஆன்லைன் தளம் ஒன்றில் விற்கிறேன். துணி எங்கள் ஊர் விசைத்தறித் துணி. நானும் என் மாமியாரும்தான் மடித்து, பாக்கிங் செய்து, லேபிள் ஒட்டுவது.

டபுள் சைஸ் பெட்ஷீட்டும் இரண்டு தலையணை உறையும் சேர்ந்தது ஒரு செட். தளத்தில் விலை 699. என் அடக்கம் இது: துணி 310, தையல் 45, இஸ்திரி மடிப்பு 12, நூல், பிராண்ட் லேபிள் 18. மொத்தம் 385. தளம் தன் கட்டணம் போக எனக்கு அனுப்புவது (செட்டில்மென்ட்) ஒரு ஆர்டருக்கு 474. ஆக 89 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான்கு மாதத்தில் 640 ஆர்டர் அனுப்பினேன். என் நோட்டின்படி 57,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக லாபம் வந்திருக்க வேண்டும். போன வாரம் உட்கார்ந்து இருக்கிற சரக்கை அடக்க விலைக்கு எண்ணி, வங்கி இருப்பையும் கூட்டிப் பார்த்தேன். போட்ட முதலிலேயே 17,000 சொச்சம் குறைகிறது. வீட்டுச் செலவுக்கு இதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. யாராவது கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

பழைய_பார்சல் எழுதியது:

தங்கச்சி, முதலில் தூங்குங்கள். பணம் திருடு போகவில்லை, எங்கோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் டி-ஷர்ட் விற்கிறேன், 2016-இலிருந்து. முதல் வருடம் எனக்கும் இதே நிலைமைதான்.

இந்த விவரங்களைப் போடுங்கள். 640-இல் எத்தனை பார்சல் வாடிக்கையாளர் வாங்காமலே திரும்பியது (ஆர்.டி.ஓ.)? எத்தனை வாங்கிப் பிரித்த பிறகு ரிட்டர்ன் ஆனது? ரிட்டர்ன் ஒன்றுக்கு உங்களிடம் எவ்வளவு பிடித்தார்கள்? விளம்பரத்துக்கு எவ்வளவு? பாக்கிங் பொருள் எவ்வளவு? திரும்பி வந்ததில் எத்தனை செட்டைப் புதுசாக மறுபடி விற்க முடியவில்லை?

474-ஐப் பிரித்தும் போடுங்கள். கமிஷன், நிலைக் கட்டணம் (ஆர்டருக்கு இவ்வளவு என்று தளம் பிடிப்பது), ஷிப்பிங் தனித்தனியாக வேண்டும்.

---

கரூர்_விரிப்பு எழுதியது:

ராத்திரி முழுக்க ரிப்போர்ட் இறக்கி எண்ணினேன் அண்ணா.

699-இல் கமிஷன் 63, நிலைக் கட்டணம் 26, ஷிப்பிங் 98. மொத்தம் 187. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 34. தளம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் (ஜிஎஸ்டிக்கு), டிடிஎஸ் (வருமான வரிக்கு) இரண்டும் சேர்த்து 4. மீதி 474.

ஆர்.டி.ஓ. 90. அதற்கு ஷிப்பிங் பிடிக்கவில்லை. பிரித்துப் பார்த்து ரிட்டர்ன் செய்தது 57. அதற்கு ஒவ்வொன்றுக்கும் 165 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. ஆக வாடிக்கையாளர் வைத்துக்கொண்டது 493 செட்.

விளம்பரம் 16,000, ஜிஎஸ்டி தனி. இது வேறு வரியில் கழிந்திருக்கிறது, ஆர்டர் கணக்கில் வரவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

பாக்கிங்கைச் சில்லறை என்று விட்டுவிட்டேன். இப்போது கூட்டினால் ஜிப் பை 9, உள்ளே வைக்கிற அட்டை 4, கூரியர் கவர் 5, லேபிள் காகிதம் 2, டேப்பும் நன்றி அட்டையும் 2. மொத்தம் 22.

திரும்பி வந்ததில் 32 செட் கறை, மஞ்சள், கசங்கல். அவற்றைச் சந்தையில் 250-க்குக் கொடுத்தேன். இரண்டு பார்சலில் என் செட்டே இல்லை, பழைய போர்வை ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். அவற்றுக்கும் தோராயமாக அதே நஷ்டம் என்று இந்த 32-இல் சேர்த்திருக்கிறேன்.

---

பழைய_பார்சல் எழுதியது:

சரி, இப்போது தெரிகிறது. நீங்கள் ஒரு செட்டுக்குக் கணக்குப் போட்டு 640-ஆல் பெருக்கினீர்கள். அப்படிப் போடக் கூடாது. இந்த வியாபாரத்தில் கணக்கு எப்போதும் அனுப்பிய நூறு ஆர்டருக்குத்தான். வீடு போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிய செட்தான் சம்பாதிக்கும். திரும்பி வருகிற ஒவ்வொன்றும் அந்தச் சம்பாத்தியத்தைத் தின்றுவிட்டுத்தான் வரும்.

உங்கள் 699-இல் 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அதை எடுத்தால் 665.70. அதில் கட்டணம் 187 போக 478.70. அடக்கம் 385, பாக்கிங் 22 கழித்தால் 71.70. இதுதான் ஒரு நல்ல விற்பனையின் உண்மையான லாபம், 89 இல்லை.

வைத்துக்கொண்டது 493. 71.70-ஆல் பெருக்கினால் 35,350 வருகிறது. இனி கழிக்க வேண்டியதைப் பாருங்கள். ரிட்டர்ன் கட்டணம் 57-க்கு 9,400. திரும்பிய 147 பார்சலில் போன பாக்கிங் 3,230. சந்தையில் தள்ளிய 32 செட்டில் ஒன்றுக்கு (385-இல் 250 போக) 135 வீதம் 4,320. விளம்பரம் 16,000. கூட்டினால் 32,950.

மிச்சம் 2,400. நூறு ஆர்டருக்கு 375 ரூபாய். நான்கு மாதம் இரண்டு பேர் உழைத்ததற்குக் கூலி இதில் இல்லை.

ஆனால் இதன்படி பார்த்தாலும் 2,400 கூடியிருக்க வேண்டும். 17,000 ஏன் குறைகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜிஎஸ்டி எப்படியும் வருவதற்கும் போவதற்கும் சரியாகிவிடும். வரிக் கணக்குத் தெரிந்த ஈரோடு பேரேடு சார் வந்தால் பார்ப்பார்.

---

புதுக்கணக்கு எழுதியது:

அக்கா, கமிஷனே இல்லாத தளத்துக்கு மாறிவிடலாமே? மீஷோ 2021-லேயே விற்பனையாளர்களுக்குப் பூஜ்ய கமிஷன் என்று அறிவித்துவிட்டது. அமேசானும் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள பல வகைப் பொருள்களுக்குக் கமிஷனை எடுத்துவிட்டது.

---

பழைய_பார்சல் எழுதியது:

தம்பி, அக்காவின் கணக்கைத் திரும்பிப் பாருங்கள். கமிஷன் 63, ஷிப்பிங் 98. ரிட்டர்னும் விளம்பரமும் தனி. கமிஷன் இல்லாத இடத்தில் விலைப் போட்டி இன்னும் கடுமை. அங்கே 250, 300-க்குக் கிடைக்கிற விரிப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ‘கிளேஸ் காட்டன்’ என்று பெயர் இருக்கும், நூல் பாலியெஸ்டர். 310 ரூபாய்க்குத் துணி மட்டும் வாங்குகிறவர் அதோடு விலையில் மோத முடியாது. விலை வரிசைப்படி தேடுகிற வாடிக்கையாளர் நமக்கு வேண்டாம்.

---

ஈரோடு_பேரேடு எழுதியது:

பழைய பார்சல் போட்ட கணக்கு சரி, ஒரு இடத்தைத் தவிர. "ஜிஎஸ்டி சரியாகிவிடும்" என்றாரே, 5 சதவீதச் சரக்கு விற்கிறவர்கள் பலர் மாட்டுவது அங்கேதான். சகோதரியின் 17,000 அங்கேதான் இருக்க வேண்டும்.

ஒரு செட் விற்றால் வாடிக்கையாளரிடம் வாங்கும் வரி 33.30. அதை அரசுக்குக் கட்ட வேண்டும். ஆனால் தளத்தின் கட்டணம் 187-க்கு 18 சதவீதம், அதாவது 33.70 ஏற்கெனவே கட்டிவிட்டோம். அந்த இன்புட்டே (நாம் முன்பே கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் வரி) விற்பனை வரியை முழுக்கச் சமன் செய்துவிடுகிறது. அப்படியானால் துணி வாங்கும்போது கட்டிய 5 சதவீதம் எங்கே கழியும்? விளம்பரத்துக்குக் கட்டிய 18 சதவீதம்? ரிட்டர்ன் கட்டணத்துக்குக் கட்டியது? கூரியர் கவருக்குக் கட்டியது? கழிக்க இடமே இல்லை. எல்லாம் எலக்ட்ரானிக் கிரெடிட் லெட்ஜரில், அதாவது ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் பெயரில் உள்ள வரி வரவுக் கணக்கில், போய் உட்கார்ந்துவிடும். பேப்பரில் அது உங்கள் பணம்தான். ஆனால் அதைக் கொண்டு தறிக்காரருக்குக் கொடுக்க முடியாது.

‘ரீஃபண்ட் கேட்கலாமே’ என்பார்கள். வாங்கும் பொருளுக்கு வரி அதிகம், விற்கும் பொருளுக்குக் குறைவு என்றால் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் அந்தச் சூத்திரத்தில் பொருளுக்குக் கட்டிய வரிதான் சேரும், சேவைக்குக் கட்டிய வரி சேராது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கமிஷன், ஷிப்பிங், விளம்பரம் மூன்றும் சேவை. நமக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியதுதான்.

அப்புறம் டிசிஎஸ். 2024 ஜூலை 9 வரை 1 சதவீதம், இப்போது 0.5. வருமான வரி டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 0.1. உங்களுக்கு செட்டுக்கு 3.33-உம் 67 காசும். டிசிஎஸ் பணம் தானாக உங்களிடம் வராது. மாதாமாதம் போர்ட்டலில் போய் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே உள்ள உங்கள் பணக் கணக்கான கேஷ் லெட்ஜருக்கு வரும். 493 செட்டுக்கு 1,640 இருக்க வேண்டும். டிடிஎஸ் 330, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கிடைக்கும்.

போர்ட்டலைத் திறந்து கிரெடிட் லெட்ஜரில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். 15,000-க்கும் 20,000-க்கும் நடுவில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. திரும்பி வந்த 147 பார்சலுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் விற்பனையைக் கழித்துக் காட்டினார்களா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். கழிக்காமல் விட்டிருந்தால் விற்காத சரக்குக்கு 4,900 ரூபாய் வரி காட்டியிருப்பீர்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) மூலம் சரிசெய்யலாம், அதற்குப் பிறகு முடியாது.

---

கரூர்_விரிப்பு எழுதியது:

சார், கை நடுங்குகிறது. இப்போதுதான் பார்த்தேன். கிரெடிட் லெட்ஜரில் 18,100 ரூபாய் நிற்கிறது. டிசிஎஸ் ஒரு மாதமும் ஏற்கப்படவில்லை, நான்கு மாதமும் அப்படியே காத்திருக்கிறது. ரிட்டர்ன்களை ஆடிட்டர் ஒழுங்காகக் கழித்திருக்கிறார்.

லாபம் 2,400. அதில் லெட்ஜரில் நிற்பது 18,100, டிசிஎஸ் 1,640, டிடிஎஸ் 330 போனால் 17,670 குறைகிறது. என் நோட்டில் குறைந்ததும் அதே அளவுதான். மாமியாரிடம் சொன்னேன், "தொலையவில்லையே, அது போதும்" என்றார். நான்கு மாதமாக அவர் கையால் மடித்த செட் அத்தனையும். அவருக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுக்கக்கூட இதில் லாபம் இல்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

---

மொத்தக்கடை எழுதியது:

நான் ஜவுளி மொத்த வியாபாரி, மதுரை. உங்கள் செட்டை 410-க்கு நான் எடுப்பேன் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு செட்டுக்கு 25 ரூபாய். ரிட்டர்ன் இல்லை, விளம்பரம் இல்லை, ஜிப் பை வேண்டாம், பேல் கட்டி லாரி சர்வீஸில் போட்டால் போதும். 640 செட்டுக்கு 16,000. உங்கள் ஆன்லைன் 2,400-ஐவிட எவ்வளவோ மேல். எங்கள் தொழிலை இடைத்தரகு என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் ஆன்லைனுக்கு ஓடினார்கள். நடுவில் நிற்கிறவர் இப்போதும் இருக்கிறார், அவருக்குப் பெயர்தான் வேறு.

---

வீட்டுப்பொடி_திண்டுக்கல் எழுதியது:

அண்ணே, 25 ரூபாய் சரி. அது எந்த மாதம் வரும்? என் இட்லிப் பொடிக்குக் கடைக்காரர்கள் 90 நாள் ஆக்கினார்கள். தளத்தில் வாரம் தவறாமல் வந்துவிடுகிறது.

---

மொத்தக்கடை எழுதியது:

நியாயமான கேள்வி. தாமதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு போட்டுக்கொள்ளுங்கள். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. இப்போது அந்தக் கெடுவைத் தாண்டினால் வாங்கியவருக்கு வருமான வரியில் அந்தச் செலவைக் கழிப்பதிலும் சிக்கல் வருவதால், முன்பைவிடச் சீக்கிரம் தருகிறார்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்புங்கள்.

---

ஈரோடு_பேரேடு எழுதியது:

மொத்தக்கடை சொன்னதில் வரிப் பக்கமும் ஒரு நன்மை உண்டு. அவருக்கு 410-க்கு விற்றால் மேலே 20.50 ஜிஎஸ்டி வாங்குவீர்கள். அந்த வரியைத் தேங்கி நிற்கும் கிரெடிட்டிலிருந்து கட்டலாம், 20.50 பணமாகக் கையில் நிற்கும். ஆனால் அந்தச் செட்டுக்குத் துணி வாங்க 15.50 வரி கட்டியிருப்பீர்கள். ஆகவே பழைய கிரெடிட் செட்டுக்கு 5 ரூபாய்தான் கரையும். 18,100-ஐக் கரைக்க 3,600 செட் வேண்டும். உடனடி மருந்து இல்லை, ஆனால் மேலும் மேலும் சேராமல் பிடித்து வைக்கும்.

முக்கியமாகச் செய்ய வேண்டியது தளக் கட்டணத்தைக் குறைப்பது. அதில் மிச்சமாகும் ஒவ்வொரு 10 ரூபாயும், அதன் மேல் கட்டி முடங்கும் 18 சதவீத வரியும் சேர்ந்து, உங்களுக்கு 11.80.

---

பழைய_பார்சல் எழுதியது:

சார், நான் இத்தனை வருடமாகத் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் லெட்ஜரையும் திறந்து பார்த்துவிட்டேன். எவ்வளவு என்று இங்கே எழுத மனமில்லை. நன்றி.

தங்கச்சி, இனி குறைக்கிற வேலையைப் பார்ப்போம். ஷிப்பிங் 98 என்றால் உங்கள் பார்சல் ஒன்றரைக் கிலோ ஸ்லாபில் (கட்டணத்துக்கான எடை வரம்பில்) விழுகிறது. அட்டையோடு எடை எவ்வளவு? நீள அகல உயரம் எவ்வளவு? தராசில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

---

கரூர்_விரிப்பு எழுதியது:

சமையல் தராசில் வைத்தேன். பெட்ஷீட்டும் உறைகளும் 905 கிராம், ஜிப் பை 35, அட்டை 85, கூரியர் கவர் 35. மொத்தம் 1,060. அளவு 34 செ.மீ., 26 செ.மீ., 7 செ.மீ.

---

பழைய_பார்சல் எழுதியது:

60 கிராமுக்காக அரைக் கிலோ கூலி கொடுக்கிறீர்கள். அந்த 60 கிராமும் அட்டையில் இருக்கிறது.

ஆனால் அட்டையை மட்டும் எடுத்தால் போதாது. எடை இரண்டு விதம். தராசில் வருவது ஒன்று. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவது இன்னொன்று. எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் 34, 26, 7-ஐப் பெருக்கினால் 6,188. வகுத்தால் 1.24 கிலோ. எடையைக் குறைத்தாலும் பருமன் உங்களை ஒன்றரைக் கிலோவிலேயே நிறுத்தும். உயரத்தை 5-க்குக் கொண்டுவந்தால் 0.88 கிலோ.

எங்கள் யூனிட்டில் செய்வதைச் சொல்கிறேன். மடித்த செட்டைத் தரையில் விரித்த சுத்தமான துணி மேல் வைத்து, கனமான பலகை ஒன்றைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவோம். காலையில் பலகையை எடுத்ததும் கவரில் போட்டு, வாயை மூடும் முன் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளிக் காற்றை வெளியேற்றி, அப்புறம் ஒட்டுவோம். ஒட்டிய பிறகு அழுத்தினால் கவர் பக்கத்தில் பிளந்துவிடும். கடைசி மடிப்பு வெளியே தெரிகிற பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செட் மறுபடி உப்பும்.

அட்டைக்குப் பதில் டிசைன் படம் அச்சடித்த மெல்லிய தாள் 10 கிராம். மொத்தம் 985.

---

சென்னிமலை_நாடா எழுதியது:

985-இல் நிறுத்தாதீர்கள். நான் தறி வேலையில் வளர்ந்தவன், ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவன். பருத்தி ஈரம் குடிக்கும். பருத்திக்கு 8.5 சதவீத ஈரம் என்பதே தொழிலில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. காற்று ஈரமானால் அது ஏறும். இரண்டு சதவீதம் ஏறினாலே உங்கள் 905 கிராமில் 16, 17 கிராம் கூடிவிடும். சித்திரையில் 985 காட்டிய பார்சல் ஐப்பசி மழையில் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். உங்களுக்குக் காரணமே புரியாது, ஸ்லாப் மட்டும் மாறியிருக்கும்.

கனமான ஜிப் பையை விட்டு மெல்லிய பைக்கு மாறினால் 20 கிராமுக்கு மேல் குறையும். 960-க்குக் கொண்டுவாருங்கள், வருடம் முழுக்கக் கவலையில்லை. மழைக்காலத்தில் பாக்கிங் மேசையைச் சன்னல் பக்கம் போடாதீர்கள்.

ரிட்டர்னைப் பற்றியும் ஒரு கேள்வி. என்ன காரணம் சொல்கிறார்கள்?

---

கரூர்_விரிப்பு எழுதியது:

57-இல் 26 பேர் ‘சைஸ் சிறியது’ என்கிறார்கள் அண்ணா. ‘படத்தில் இருந்த நிறம் இல்லை’ என்று 13. மற்றவை பிடிக்கவில்லை, மனம் மாறியது என்று போகிறது.

---

சென்னிமலை_நாடா எழுதியது:

உங்கள் படத்தில் இருக்கும் கட்டில் எந்த அளவு? தளத்தில் உங்கள் பொருளின் பக்கத்தைத் தேடிப் பார்க்கவில்லை, ஆனால் ஊகிக்கிறேன், இரவல் படத்தில் கிங் சைஸ் மெத்தை இருக்கும். உங்கள் டபுள் சைஸ் விரிப்பு 90-க்கு 100 அங்குலமாக இருக்கும். கிங் மெத்தைக்குப் போட்டால் ஓரம் மடியாது. வாங்கியவர் படத்தை நம்பி வாங்கினார், அவர் மேல் தப்பில்லை.

உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே விரித்து, பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். இரண்டாவது படத்தில் அங்குல டேப்பை விரிப்பின் மேல் வைத்து எடுங்கள். எந்த மெத்தைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ‘பொருந்தாது’ என்று எழுதினால் ஆர்டர் கொஞ்சம் குறையும். குறையட்டும், அந்த ஆர்டர் 165 ரூபாயோடு திரும்பி வரப்போகிற ஆர்டர்.

---

கரூர்_விரிப்பு எழுதியது:

கிங் மெத்தைதான் அண்ணா. படம் எடுத்துக் கொடுத்தவர் நன்றாக இருக்கும் என்று அப்படி வைத்தார். நாளைக்கே மாற்றுகிறேன்.

---

வீட்டுப்பொடி_திண்டுக்கல் எழுதியது:

கிங் அளவிலேயே ஒன்று தைத்து விற்றால் என்ன அக்கா? ஆட்கள் தேடுகிறார்களே.

---

ஈரோடு_பேரேடு எழுதியது:

நல்ல யோசனை, இப்போது வரியும் தோதாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-க்கு முன் விரிப்பு ஒன்றின் விலை 1,000-ஐத் தாண்டினால் 12 சதவீதம். இப்போது 2,500 வரை 5. 1,199-க்கு ஒரு கிங் செட் விற்றால் முன்பு அதில் 128 ரூபாய் வரி, இப்போது 57. வாங்குபவர் கொடுக்கும் விலை மாறாமலே உங்கள் பக்கம் 71 ரூபாய் கூடுகிறது. விலை உயர்ந்த செட்டில் ஷிப்பிங்கின் பங்கும் சிறியது.

---

மொத்தக்கடை எழுதியது:

பார்சலுக்குள் உங்கள் வாட்ஸ்அப் எண்ணை வைத்துவிடுங்கள். அடுத்த தடவை நேரே வாங்கட்டும்.

---

பழைய_பார்சல் எழுதியது:

அதைச் செய்யாதீர்கள் தங்கச்சி. தளத்தின் வாடிக்கையாளரை வெளியே அழைப்பது அவர்கள் விதிக்கு விரோதம். கணக்கையே முடக்கலாம், முடக்கினால் செட்டில்மென்ட்டும் நிற்கும். பிராண்ட் லேபிளில் பெயரும் கரூர் என்ற ஊரும் இருக்கட்டும். தரம் பிடித்தவர்கள் பெயரைத் தேடி வருவார்கள்.

பழைய போர்வை வந்த பார்சலுக்கும் வழி சொல்கிறேன். திரும்பி வரும் ஒவ்வொன்றையும் லேபிள் தெரிய வீடியோவில் வைத்தே பிரியுங்கள், இடையில் நிறுத்தாமல். அன்றே க்ளெய்ம் போடுங்கள். கெடு தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அனுப்பும்போது தராசில் வைத்த படமும் ஆர்டர் வாரியாக இருக்கட்டும், அதிக எடை என்று பிடித்தால் காட்ட உதவும்.

விளம்பரத்தையும் பாருங்கள். எந்த டிசைனுக்குச் செலவழித்து எது விற்றது என்று ரிப்போர்ட்டில் இருக்கும். விற்காததை நிறுத்துங்கள்.

---

கரூர்_விரிப்பு எழுதியது (இரண்டரை மாதம் கழித்து):

எல்லோருக்கும் வணக்கம். சொல்லாமல் போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள், ரிட்டர்ன் நாள் முடிந்த நூறு ஆர்டர் சேரட்டும் என்று காத்திருந்தேன்.

விலை அதே 699. பார்சல் 962 கிராம். பலகை போட்டு அழுத்துகிறோம், உயரம் 5 செ.மீ.-க்குள் நிற்கிறது. முதல் நாள் மாமியார் பலகையின் மேல் அம்மிக்கல்லை வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. ஷிப்பிங் 98 இருந்தது 74 ஆகிவிட்டது. பாக்கிங் 18. ஒரு நல்ல விற்பனைக்கு இப்போது நிற்பது 99.70.

அனுப்பியது 100. ஆர்.டி.ஓ. 11, ரிட்டர்ன் 5, தங்கியது 84. ‘சைஸ் சிறியது’ என்று வந்தது ஒன்றுதான். 84 செட்டுக்கு 8,375. ரிட்டர்ன் கட்டணம் ஒன்றுக்கு 138 வீதம் 690, திரும்பிய 16 பார்சலின் பாக்கிங் 288, மறுபடி விற்க முடியாத 3 செட்டுக்கு 405, விளம்பரம் 1,500. மிச்சம் 5,492.

முன்பு 375. இப்போது 5,492. பழைய பார்சல் அண்ணன் சொன்ன நூறு ஆர்டர் கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். விளம்பரம் குறைத்ததால் நாளுக்கு ஐந்து வந்த ஆர்டர் மூன்றரைக்கு இறங்கிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

டிசிஎஸ் நான்கு மாதமும் ஏற்று, பணம் வந்துவிட்டது. மொத்தக்கடை அண்ணனுக்கு 60 செட் அனுப்பினேன், 31-ஆம் நாள் பணம் போட்டுவிட்டார்.

---

சென்னிமலை_நாடா எழுதியது:

மனம் நிறைந்தது சகோதரி. ஒன்று மட்டும் விட்டுவிட்டீர்கள். உங்கள் இருவர் கூலி எங்கே? மடித்து, பாக்கிங் செய்து, ரிட்டர்ன் பிரித்து, வீடியோ எடுப்பதற்கு வெளியாள் வைத்தால் பார்சலுக்கு எவ்வளவு கேட்பார்?

---

கரூர்_விரிப்பு எழுதியது:

பக்கத்துத் தெருவில் கேட்டேன், 15 ரூபாய் என்கிறார்கள். நூறுக்கு 1,500. போட்டால் 3,992 நிற்கிறது. இனி அந்த 1,500-ஐச் செலவு வரியில் எழுதி, மாதக் கடைசியில் மாமியார் கணக்கில் தனியாகப் போட்டுவிடப் போகிறேன். இந்த மாதம் போட்டாயிற்று.

கிங் செட்டுக்கு 108 அங்குல அகலத் துணி வேண்டும். எங்கள் தறிக்காரரிடம் அந்த அகலம் இல்லை. கரூரிலோ ஈரோட்டிலோ 20, 30 செட்டுக்கு மட்டும் குறைந்த அளவில் நெய்து தருகிறவர்கள் யாரையாவது தெரியுமா?

---

சென்னிமலை_நாடா எழுதியது:

அகலத் தறி வைத்திருக்கிற இரண்டு பேரைத் தெரியும். 30 செட்டுக்காகப் பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) ஓட்ட மாட்டார்கள், வேறொருவர் ஆர்டரோடு சேர்த்து வெள்ளையில் வாங்கிச் சாயம் போட்டுக்கொள்ளலாம். வியாழக்கிழமை சென்னிமலை வர முடியுமா? துணியைக் கையில் பார்த்தே பேசிவிடலாம். கிங் செட்டின் எடையையும் அங்கேயே போட்டுப் பார்ப்போம், தராசைக் கொண்டு வாருங்கள்.